கணவன், மனைவி, கைபேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளை நடத்தி வருகிறேன். முன்பெல்லாம் நகைப் பட்டியலோடும் சீர்வரிசைக் கணக்கோடும் வந்தவர்கள் இப்போது ஸ்கிரீன்ஷாட்டுகளோடு வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவன் மனைவிக்குள் என்ன ஒளிவுமறைவு? தப்பு ஒன்றும் இல்லையென்றால் போனைக் காட்டுவதில் என்ன தயக்கம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் முதலில் அவர்களுடைய வீட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பார்த்தால் பட்டாலை, வளவு எனும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று பின்வாசல் வரைக்கும் கண் ஓடும். அத்தனை திறந்த வீடு. ஆனால் அதே வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை உண்டு. அந்த அறைக்குப் பூட்டு உண்டு. கல்யாணம் முடிந்ததும் நகரத்தார் வீடுகளில் புது மணமக்களை ‘வேறு வைப்பது’ வழக்கம். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோவில் கணக்கிலும் அவர்கள் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். மாமியார் அந்த அறைக் கதவைத் தட்டாமல் திறப்பது அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும். பூட்டு இருப்பதால் உள்ளே திருட்டுப் பொருள் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை.

அந்தப் பூட்டு தம்பதிக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருந்தது, கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இல்லையே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான மறுப்புத்தான். ஆனால் கைபேசிக்குள் இருப்பவர் அதன் உரிமையாளர் ஒருவர் மட்டும் இல்லை. உங்கள் மனைவியின் வாட்ஸ்அப்பில் அவருடைய தங்கையின் கருக்கலைந்த செய்தி இருக்கலாம், தோழி வாங்கிய கடன் இருக்கலாம், அவர் ஆசிரியையாக இருந்தால் ஏதோ ஒரு மாணவியின் வீட்டுப் பிரச்சினை இருக்கலாம். இவர்கள் யாரும் உங்களை நம்பி அதை எழுதவில்லை. ஆகவே நான் ஒரே ஒரு வேறுபாட்டைத்தான் வலியுறுத்துவேன்: அவராகக் காட்டுவது வேறு, நீங்களாகப் பார்ப்பது வேறு. “இதைப் பாருங்களேன்” என்று அவர் போனை நீட்டும்போது நீங்கள் தெரிந்துகொள்வதும், அவர் குளிக்கப் போன நேரத்தில் நீங்கள் தெரிந்துகொள்வதும் ஒரே செய்தியாகவே இருக்கலாம். ஆனாலும் இரண்டாவது வழியில் தெரிந்ததை வைத்துக்கொண்டு நீங்கள் மறுநாள் இயல்பாக ஒரு வார்த்தை பேச முடியாது.

அந்தக் காலத்தில் இந்தச் சிக்கலே இல்லையே?

வேறு வடிவத்தில் இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஏஜெண்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. மனைவி ஊரில், கணவர் ரங்கூனிலோ பினாங்கிலோ. நடுவில் கடிதம் மட்டும்தான். அதுவும் பல வீடுகளில் பெரியவர்கள் கையைக் கடந்துதான் மனைவியிடம் வந்து சேர்ந்தது. அந்த ஆச்சிமார்கள் நிம்மதியாகக் காத்திருந்தார்கள் என்று இன்று மேடையில் பேசுவது எளிது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. நம்பிக்கையோடு இருந்தார்களா, வேறு வழியில்லாமல் இருந்தார்களா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பழைய காலத்தை முன்மாதிரியாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மனைவி அல்லது கணவரின் போனைத் தெரியாமல் கண்காணிப்பது சட்டப்படி குற்றமா?

பெரும்பாலான வடிவங்களில் குற்றமாகலாம். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது அடிப்படை. அன்றாடத்துக்கு வரும் சட்டங்கள் வேறு.

உரியவரின் அனுமதி இல்லாமல் அவருடைய சாதனத்துக்குள் நுழைந்து தகவலை எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்னொருவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி பிரிவு தனியாக இருக்கிறது. இவை கணவன், மனைவி இருவருக்கும் பொதுவானவை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் முதலிய மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் என்ற குற்றத்தில் சேர்க்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரையும், மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரையும் தண்டனை. கணவருக்கு விலக்கு என்று அதில் எழுதப்படவில்லை. ஆனால் சூழ்நிலையைப் பொறுத்து அந்தச் செயல் நியாயமானதுதான் என்று காட்ட ஒரு வழி விடப்பட்டிருக்கிறது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். கண்காணிப்போடு மிரட்டலும் அவமானப்படுத்தலும் சேர்ந்திருந்தால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் கீழ் மனைவி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம்.

புதிதாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உதவுமா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். சொந்த, வீட்டு உபயோகத்துக்காக ஒரு தனிமனிதர் தரவைக் கையாள்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ரகசியமாக எடுத்த ஒலிப்பதிவும் அழைப்புப் பட்டியலும் கோர்ட்டில் செல்லுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால்தான் நிலவரம் புரியும்.

முதலாவது நமக்கு மிக அருகில் நடந்தது. பரமக்குடியில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய கைபேசி அழைப்பு விவரங்களைச் சாட்சியமாகக் கொடுத்தார். மனைவி எதிர்த்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் மனைவியின் பக்கம் நின்றது: தம்பதிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, ஒருவர் மற்றவரை வேவு பார்ப்பது மணவாழ்வின் அடித்தளமான நம்பிக்கையையே தகர்க்கும், அந்த உரிமையை மீறிப் பெற்ற ஆவணத்தை ஏற்க முடியாது என்றது. சிவகங்கை மாவட்டமும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் இங்கே அந்தத் தீர்ப்பு உடனே பேசப்பட்டது. ‘இனிமேல் எந்தப் பதிவும் செல்லாது’ என்று தேநீர்க் கடை வரைக்கும் செய்தி போனது.

அடுத்த ஆண்டே, 2025 ஜூலை 14 அன்று, விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபின் பட்டிண்டாவைச் சேர்ந்த அந்த வழக்கில் கணவர், மனைவியோடு தாம் பேசியவற்றை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தார். மணவாழ்வின்போது ஒருவர் மற்றவரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் ஒருவரை எதிர்த்து ஒருவர் நடத்தும் வழக்கில் தடையாகாது என்றும், அந்தப் பதிவுகளை ஏற்கலாம் என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. பதிவுகளை அனுமதித்தால் வேவு பார்ப்பது பெருகிவிடும் என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. தம்பதி ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அதுவே உறவு முறிந்துவிட்டதன் அறிகுறி என்றது.

இரண்டு வழக்கின் பொருளும் ஒன்றில்லை என்பது என் கருத்து. பட்டிண்டா கணவர் பதிவு செய்தது தாமும் கலந்துகொண்ட உரையாடலை. பரமக்குடிக் கணவர் கொண்டுவந்தது, மனைவி மற்றவர்களோடு பேசிய விவரத்தை. இந்த வேறுபாட்டை வைத்து வாதாட இன்னும் இடமிருக்கிறது. ஆனாலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, ‘தெரியாமல் எடுத்தது’ என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் தள்ளுபடியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு வாயை விட்டுவிடாதீர்கள்.

சாட்சியமாக ஏற்கப்படுவதும், எடுத்த வழி குற்றமில்லை என்றாவதும் வெவ்வேறு. ஒரு பதிவு விவாகரத்து வழக்கில் ஏற்கப்பட்டாலும், அதைப் பெறுவதற்காக மனைவியின் போனில் உளவுச் செயலியை இறக்கியவர் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி புகார் கொடுப்பதை அது தடுக்காது. மேலும் மின்னணு ஆவணம் எதுவானாலும் பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை ஜெராக்ஸ் கடையில் வண்ணப் பிரிண்ட் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார்கள். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று: பிறன்மனை உறவு, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்த பிறகு குற்றமில்லை. விவாகரத்துக்கு அது காரணமாக நிற்கும். போலீஸில் கொடுத்து ஆளை உள்ளே தள்ளுவதற்கான ஆதாரமாக நிற்காது.

இருவரும் பூட்டு எண்ணைத் தெரிந்து வைத்திருக்கிறோம். அது தவறா?

இல்லை. வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் யாருடைய போனையும் யாரும் எடுத்துப் பேச முடிய வேண்டும். எண் தெரிந்திருப்பதும் தினமும் திறந்து பார்ப்பதும் வேறு வேறு. பக்கத்து வீட்டுச் சாவி நம்மிடம் இருக்கிறது என்பதற்காக அவர்கள் ஊருக்குப் போனதும் அலமாரியைத் திறப்பதில்லை. எண்ணை ஒருவர் மாற்றினால் அதை உடனே குற்றமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இருப்பிடத்தைப் பகிரச் சொல்வது கண்காணிப்பா?

யார் கேட்டது, எவ்வளவு நேரத்துக்கு, நிறுத்தினால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் பொறுத்தது. மதுரையிலிருந்து இரவில் கார் ஓட்டி வருகிறவர் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை அனுப்பினால், வீட்டில் இருப்பவர் ‘மேலூர் தாண்டிவிட்டார், திருப்பத்தூர் வந்துவிட்டார்’ என்று பார்த்துக்கொண்டு தோசைக்கல்லை எப்போது போடலாம் என்று முடிவு செய்வார். அதில் அன்பு மட்டும்தான் இருக்கிறது. அந்த வசதியிலேயே 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பயணத்துக்கு மட்டும் பகிருங்கள். வருடம் முழுவதும் ஓடும்படி கூகுள் மேப்ஸில் அமைத்துவிட்டு, சந்தைப்பேட்டையில் பத்து நிமிடம் கூடுதலாக நின்றதற்குக் கணக்குக் கேட்பதாக இருந்தால், அதற்குப் பெயர் வேறு.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். எப்போது கூப்பிட்டாலும் வீடியோவில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்கிறார்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. எனவே இந்தக் கேள்வி எல்லாச் சமூகத்தாரிடமிருந்தும் வருகிறது. புதுவயல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என்னோடு பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் போனை மேசையில் வைக்கவே இல்லை. முந்தானை நுனியில் சுற்றி, திரை எரிந்தால் தெரியும்படி உள்ளங்கையிலேயே பிடித்திருந்தார். “எடுக்காட்டி பத்து நிமிசத்துல ஏழு தடவ கூப்புடுவாக. பஸ்ல இருந்தாலும் பக்கத்துல யாரு உக்காந்துருக்கான்னு காட்டணும்” என்றார். பேச்சின் நடுவே போன் ஒளிர்ந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அழைத்தது எரிவாயு ஏஜென்சி.

தனிமையில் இருக்கும் ஆண்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பன்னிரண்டு பேர் தங்கும் அறையில் படுத்துக்கொண்டு, யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து ராத்திரியெல்லாம் புரள்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு வீடியோ மருந்தாவதில்லை. ஒவ்வொரு முறை பார்த்த பிறகும் அடுத்த முறைக்கான இடைவெளி குறைகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, இருவருக்கும் தோதான ஒரு நேரத்தைத் தினமும் ஒதுக்கிக்கொண்டு அதைத் தவறாமல் காப்பாற்றுவது. அந்த நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை எடுக்காவிட்டால் குறுஞ்செய்தி போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. இதைச் சொன்ன பிறகும் மிரட்டல் தொடர்ந்தால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

வங்கி ரகசிய எண்ணையும் ஓடிபியையும் பகிரலாமா?

கூடாது. குடும்பக் கணக்கை மாதம் ஒருமுறை உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். பேரேடு எழுதிய ஊருக்கு அது புதிதில்லை. ஆனால் எண்ணைக் கொடுக்காதீர்கள். பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் 2013-இல் ஏடிஎம் அட்டையைக் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுக்கச் சொன்னார். இயந்திரம் சீட்டைக் கொடுத்தது, பணத்தைக் கொடுக்கவில்லை. எண்ணை இன்னொருவருக்குச் சொன்னது விதிமீறல் என்று வங்கி மறுத்தது. 2018-இல் நுகர்வோர் மன்றமும் வங்கியின் பக்கம்தான் நின்றது.

மருமகளின் போனில் என்ன இருக்கிறது என்று மாமியார் கேட்டால்?

மகன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. மருமகள் பதில் சொல்லும்படி விடுவதுதான் பல வீடுகளில் முதல் விரிசல்.

என் போனைக் கண்காணிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் நேரில் சொல்லாத விஷயம் எதிரிலிருப்பவருக்குத் தெரிந்திருப்பதுதான் முதல் அறிகுறி. பேட்டரி சீக்கிரம் தீர்வதையும் போன் சூடாவதையும் மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சித்திரை வெயிலில் நம் ஊரில் எல்லாப் போனும் சூடாகும்.

நான் பார்த்த வரையில் விலை உயர்ந்த உளவு மென்பொருளைவிட, ஒருவரின் வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து பார்க்கும் ‘வாட்ஸ்அப் வெப்’தான் அதிகம். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறங்கள். ஒரு கணக்கை, முதன்மைப் போனைத் தவிர, மேலும் 4 சாதனங்களில் திறக்கலாம். உங்கள் போன் ஒரு நிமிடம் கையில் கிடைத்தால் போதும், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கணினியில் திறந்துவிடலாம். அடையாளம் தெரியாத சாதனம் இருந்தால் அங்கேயே வெளியேற்ற முடியும். அடுத்து உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தச் சாதனங்களில் அது திறந்திருக்கிறது என்று பாருங்கள். பலருக்குக் கடைக்காரர்தான் போன் வாங்கிய அன்று கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார், அதன் கடவுச்சொல் கணவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. அந்த ஒரு கணக்கு போதும்: படங்கள், தொடர்பு எண்கள், போன இடங்கள் அனைத்தும் அதில் இருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில், தீங்கான செயலிகளைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் வசதி அணைக்கப்பட்டிருந்தால் ஏன் என்று யோசியுங்கள். அணுகல்தன்மை அனுமதி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, சாதன நிர்வாகி அனுமதி ஆகிய மூன்றும் எந்தச் செயலிகளுக்குத் தரப்பட்டுள்ளன என்று பாருங்கள். உளவுச் செயலிகள் ‘சிஸ்டம் சர்வீஸ்’ போன்ற சாதுவான பெயரில் அங்கே ஒளிந்திருக்கும். ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல், அந்தரங்கமும் பாதுகாப்பும் என்ற பகுதியில், யாரோடு என்னென்ன பகிரப்படுகிறது என்று காட்டி நிறுத்த உதவும் பாதுகாப்புச் சரிபார்ப்பு வசதி இருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன். உடனே நீக்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். நீக்கிய கணத்தில் எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடும். கைநீட்டும் சுபாவம் உள்ளவராக இருந்தால் அந்த இரவு ஆபத்தானது. செயலியை நீக்கினால் ஆதாரமும் போய்விடும். நம்பிக்கையான வேறொருவரின் போனில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள், பாதுகாப்பான இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகு நீக்குங்கள். ஆலோசனை கேட்பதையும் அந்தப் போனிலிருந்து செய்யாதீர்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணும் தேசியப் புகார் இணையதளமும் உள்ளன. உடனடி ஆபத்துக்கு 112.

விளம்பரத்தில் வரும் கண்காணிப்புச் செயலியை வாங்கலாமா? பிள்ளைகளுக்கானது என்றுதானே விற்கிறார்கள்?

பிள்ளைகளுக்கானதை மனைவியின் போனில் போடக் கூடாது என்பதால்தான் அப்படிச் சொல்லி விற்கிறார்கள். கூகுள் பிளே 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதியில், இவ்வகைச் செயலிகளை வாழ்க்கைத்துணையைக் கண்காணிக்க, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதித்தாலும்கூட, பயன்படுத்தக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. வேவு பார்ப்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. போலந்தில் தயாரான லெட்மீஸ்பை என்ற செயலியின் சர்வருக்குள் 2023 ஜூனில் யாரோ புகுந்து, கண்காணிக்கப்பட்டவர்களின் செய்திகளோடு கண்காணித்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் எடுத்துப்போனார்கள். இரண்டு மாதத்தில் அந்த நிறுவனம் கடையைக் கட்டியது. மனைவியின் குளியலறைப் படம் வெளியே போனால் அதை அனுப்பிய கை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனை நாள் தெரியாமல் பார்த்துவிட்டேன். இப்போது சொல்ல வேண்டுமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தூங்கும் கணவரின் கட்டைவிரலை மெல்ல எடுத்துப் போனில் வைத்துத் திறந்தவர்கள். ஒரு பெண் அந்த விரலில் சுண்ணாம்புக் காய்ப்பு இருந்ததால் நாலு முறை வைத்த பிறகுதான் திறந்தது என்று சொல்லிவிட்டு, சிரிக்கத் தொடங்கி, அழுதுவிட்டார். கொத்தனார் மனைவி.

பார்த்ததில் ஒன்றும் இல்லையென்றால் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் சொல்லாதவரைக்கும் நீங்கள் மறுபடியும் பார்ப்பீர்கள். “உங்கள் போனைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை” என்று நிறுத்தாமல், எதைப் பயந்து பார்த்தீர்களோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; கோபம் வரும், அதற்கு இடம் கொடுங்கள். ஏதேனும் இருந்து, பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற நிலை வந்திருந்தால், முதலில் வழக்கறிஞரிடமோ குடும்ப ஆலோசகரிடமோ பேசிவிட்டு வீட்டில் பேசுங்கள். அடிக்கும் கணவரிடம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கொத்தனாரின் மனைவி அன்றே வீட்டுக்குப் போய்ச் சொன்னார். கணவர் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, போனில் இருந்த சீட்டுக் கம்பெனிக் கடன் செய்திகளை அவராகவே எடுத்துக் காட்டினாராம். மனைவி பார்த்த இரவில் அவை திரையில் கண்முன்னேதான் இருந்திருக்கின்றன, அவர் தேடியது வேறு என்பதால் கண்ணில் படவில்லை.